பழைய வண்டி தண்ணீர் குடிக்குமா? கூலன்ட் ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெட்ரோல் போட வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை. பம்ப்காரரே "ஆயில், தண்ணி பாக்கட்டுமா?" என்று கேட்டு, பானெட்டைத் திறந்து, குறைந்ததைக் கேனிலிருந்து ஊற்றிவிடுவார். நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் டொயோட்டா டாஸ், சிட்டி கோல்ஃப் போன்ற வண்டிகளுக்கு இது வாராந்திரச் சடங்கு மாதிரி ஆகிவிட்டது. ஏன் குறைகிறது என்று கேட்டால், "பழைய வண்டி, தண்ணி குடிக்கத்தான் செய்யும்" என்று பதில் வரும்.

பழைய வண்டி ஆயில் குடிக்கும். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் கொஞ்சம் ஆயில் எரிந்து போவது இயல்பு. தண்ணீர் விஷயம் வேறு. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் மூடிய வட்டத்துக்குள் சுற்றுகிறது. அதை எரிக்கவோ செலவழிக்கவோ எஞ்சினுக்கு வேலையே இல்லை. 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியானாலும் சரி, அளவு குறைந்தால் நீர் எங்கோ போயிருக்கிறது. போகக்கூடிய இடங்கள் நான்குதான்: தரைக்கு, ரேடியேட்டர் மூடி வழியாக ஆவியாக, வண்டிக்குள் கார்ப்பெட்டுக்கு, எஞ்சினின் வயிற்றுக்கு. எந்த வழி என்று கண்டுபிடிக்கும் முன் பாகங்களை மாற்றுவது வீண் செலவு.

குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள்

பிரஷர் குக்கரில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது? மூடி இறுகியிருப்பதால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடுகிறது. 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. கார் எஞ்சினிலும் இதே ஏற்பாடுதான், நோக்கம் மட்டும் நேர்மாறு. குக்கரில் சூட்டை உள்ளே வைக்கப் பார்க்கிறோம். எஞ்சினில் நீர் கொதித்து ஆவியாகாமல், திரவமாகவே இருந்து சூட்டை வெளியே சுமந்துவர வேண்டும். ஆவிக் குமிழி இருக்கும் இடத்தில் இரும்பும் அலுமினியமும் குளிராது.

குக்கரின் வெயிட் செய்யும் வேலையை இங்கே ரேடியேட்டர் மூடி செய்கிறது. அதன் தலையில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். அது எத்தனை பார் அழுத்தம் வரை தாங்கிப் பிடிக்கும் என்பதைக் காட்டும் எண். பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தத்துக்குச் சமமான அளவு. 0.9 மூடி சரியாக வேலை செய்தால், வெறும் தண்ணீர்கூட டர்பன் கடற்கரையில் சுமார் 119 டிகிரி வரை கொதிக்காது.

இந்த ஊர்க்காரர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டர்பன் கடல்மட்டத்தில் இருக்கிறது, ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி நன்றாக இருந்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, கொதிநிலை 115 டிகிரி அளவில் நிற்கும். மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தால், எஞ்சின் வழக்கமாக ஓடும் 90-95 டிகிரியே கொதிநிலை ஆகிவிடுகிறது. "டர்பன்ல ஒரு குறையும் இல்ல, ஜோகன்னஸ்பர்க் போற வழியில வான் ரீனன் மலை ஏறும்போது மட்டும் பொங்குது" என்ற புலம்பலில் பாதிக்கு மேல் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

சுருக்கமாக: கூலிங் சிஸ்டம் ஒரு குக்கர். அழுத்தம் நின்றால்தான் நீர் நிற்கும். ஒழுக்கு என்றால் நீர் மட்டுமல்ல, அழுத்தமும் போகிறது.

நீர் போகும் பாதை

சிறிய காரில் மொத்தம் 5 முதல் 6 லிட்டர் நீர் இருக்கும். வாட்டர் பம்ப் அதை எஞ்சின் பிளாக்குக்குள் தள்ளுகிறது. அங்கிருந்து மேலே சிலிண்டர் ஹெட்டுக்கு, பிறகு மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு, ஆறியபின் கீழ் ஹோஸ் வழியாகத் திரும்ப எஞ்சினுக்கு. நடுவில் ஒரு கதவு உண்டு: தெர்மோஸ்டாட். உள்ளே மெழுகு அடைத்த வால்வு அது. பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில் மெழுகு உருகித் திறக்கும், அதுவரை நீரை ரேடியேட்டருக்கு விடாது. பக்கவாட்டில் ஒரு சிறு கிளை, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஹீட்டருக்குப் போகிறது. இந்தக் கிளையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சூடானால் நீர் பெருகும். 6 லிட்டர் நீர் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் சுமார் 200 மில்லி கூடும். அந்த 200 மில்லி மூடியின் வால்வைத் தள்ளிக்கொண்டு ரிசர்வ் பாட்டிலுக்குப் போகும். இரவில் எஞ்சின் ஆறும்போது மூடியில் உள்ள இன்னொரு சிறு வால்வு திறந்து அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். டாஸ் இந்த வகை. பிந்தைய சிட்டி கோல்ஃபில் தனி ரிசர்வ் பாட்டில் கிடையாது. அழுத்தம் தாங்கும் பிளாஸ்டிக் தொட்டியும், அதன் தலையிலேயே மூடியும் இருக்கும்.

நீர் என்று சொல்லிக்கொண்டிருந்தாலும், உள்ளே இருக்க வேண்டியது கூலன்ட். கிளைக்கால் என்ற திரவமும் துருத்தடுப்பு மருந்தும் சேர்ந்த சரக்கு, பாதிக்குப் பாதி நீரில் கலந்தது. உறையாமல் காப்பது அதன் ஒரு குணம். குளிர்காலத்து இரவில் உயரத்தில் இருக்கும் ஹாரிஸ்மித் பக்கம் வண்டியை நிறுத்துபவருக்கு அது தேவைப்படும், டர்பன்காரருக்கு இல்லை. "இங்க பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது. டர்பனில் அது வேண்டியது துருவைத் தடுக்க.

கேனிலிருந்து வாரம்தோறும் ஊற்றும் தண்ணீர் செய்யும் சேதம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 6 லிட்டர் சிஸ்டத்தில் 1 லிட்டர் கலவை ஒழுகி, அந்த இடத்தை வெறும் தண்ணீர் நிரப்புகிறது என்று வையுங்கள். 50 சதவீதம் இருந்த கூலன்ட் முதல் தடவையில் 42 ஆகும், நான்காவது தடவையில் 24. மருந்து பாதிக்கும் கீழே போனதும் இரும்பு பிளாக் துருப்பிடிக்கிறது, அலுமினிய ஹெட் அரிக்கிறது. சின்ன ஒழுக்குக்கு ஊற்றிய தண்ணீர் அடுத்த பெரிய ஒழுக்கைத் தயார் செய்கிறது.

ஒழுக்கு மாதிரி தெரிபவை

வண்டிக்கடியில் ஈரம் பார்த்ததும் பதற வேண்டாம். டர்பன் வெயிலில் ஏசி போட்டு ஓட்டினால் முன் இருக்கைக்கு நேர் கீழே தெளிந்த நீர் சொட்டும். நிறமில்லை, மணமில்லை, விரலில் பிசுபிசுப்பில்லை என்றால் அது ஏசி நீர். வெள்ளை அட்டையையோ பழைய செய்தித்தாளையோ இரவில் எஞ்சினுக்கடியில் விரித்து வைத்தால் காலையில் நிறம் தெளிவாகத் தெரியும். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்றால் கூலன்ட். இது தொட்டால் வழுவழுப்பாக இருக்கும், இனிப்பு வாசம் அடிக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, விட்டுவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். முற்றத்தில் தேங்கியதை நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும், குழந்தைக்கும் அதே ஆபத்து.

அளவு பார்க்கும் நேரமும் முக்கியம். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமதளத்தில் பார்க்க வேண்டும். பாட்டிலை மட்டும் பார்த்தால் போதாது. பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தால், ஆறும்போது நீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் வறண்டிருக்கும். ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை நீர் இருக்கிறதா என்று பார்த்தால்தான் உறுதி.

சூடான எஞ்சினில் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தம் விலகிய நொடியில் உள்ளிருப்பது மொத்தமாகக் கொதித்து முகத்தில் பாயும். மேல் ஹோஸை வெறுங்கையால் அமுக்கிப் பிடிக்க முடிகிற அளவு ஆறட்டும்.

முதல் சந்தேகம் மூடி மேல்

இருப்பதிலேயே மலிவான பாகம், சோதிக்கவும் எளிது. ஆனாலும் பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். கழற்றி, அடியிலுள்ள ரப்பர் வாஷரைப் பாருங்கள். வெடிப்பு, தட்டையாக அமுங்கிய தடம், ஓரத்தில் வெள்ளை உப்பு இருந்தால் மாற்றுங்கள். ஸ்பிரிங்கை அழுத்தினால் திடமாக எதிர்க்க வேண்டும். நடுவிலுள்ள சிறு வால்வை நகத்தால் இழுத்தால் திறந்து, விட்டதும் மூட வேண்டும். அது அடைத்துக்கொண்டால் ஆறிய எஞ்சினில் மேல் ஹோஸ் உறிஞ்சிய குழல் போலச் சப்பிப்போயிருக்கும். அது ஹோஸின் குற்றம் இல்லை.

புது மூடி வாங்கும்போது பழைய எண்ணையே கேளுங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் "இன்னும் நல்லா தாங்கும்" என்று நினைப்பது தவறு. 20 வருடப் பழைய ஹோஸும் ரேடியேட்டரும் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.

உப்புத் தடத்தைத் தேடுங்கள்

குக்கரின் கேஸ்கெட் தேய்ந்தால் விளிம்பிலிருந்து கஞ்சி வழிந்து, பக்கத்தில் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கும். எஞ்சினிலும் அதே துப்புதான். சூடான உலோகத்தில் கசியும் கூலன்ட் தரைக்கு வரும் முன்பே ஆவியாகிவிடும், நிறமும் உப்பும் மட்டும் படியும். அதனால் "கீழே சொட்டே இல்லையே" என்பது ஒழுக்கு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துக்கொண்டு பச்சை, இளஞ்சிவப்பு, துருச்சிவப்புப் படிவுகளைத் தேடுங்கள். நீர் கீழ்நோக்கி ஓடும், ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னோக்கியும் அடிக்கும். ஆகவே படிவின் மிக உயர்ந்த, மிக முன்னால் உள்ள முனைதான் பிறப்பிடம்.

ரேடியேட்டரில் பார்க்க வேண்டியது, பக்கவாட்டு பிளாஸ்டிக் தொட்டியும் நடு அலுமினியமும் சேரும் மடிப்பு. கருப்பு பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அதன் ஆயுள் முடிந்துவருகிறது. கடற்கரையை ஒட்டி வாழும் வண்டிகளில் உப்புக்காற்று பட்டு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் அடிப்பக்கத்தில் பொடியாக உதிரும். அங்கே விரல் வைத்ததும் கரைந்தால் பற்றவைக்கச் சொல்லாதீர்கள், புதிது போடுங்கள்.

ஹோஸ்களை ஆறிய நிலையில் அமுக்கிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலும், கொழகொழவென்று குழைந்தாலும் போய்விட்டது என்று அர்த்தம். வெடிப்பு பெரும்பாலும் கிளிப்பை ஒட்டிய கடைசி 5 சென்டிமீட்டரில், உட்பக்கமிருந்து தொடங்கும். வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். கிளிப்பை முறுக்கும்போது அரைச் சுற்று போதும். பிளாஸ்டிக் கழுத்தின் மேல் பலம் காட்டினால் கழுத்தே வெடிக்கும். சிட்டி கோல்ஃபில் ஹெட்டின் பக்கவாட்டில் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் ஃபிளாஞ்ச் ஒன்று உண்டு, அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இறுகிக் கசிவது வழக்கம். ஹோஸை மாற்றியும் ஈரம் நிற்கவில்லை என்றால் அதைப் பாருங்கள்.

வாட்டர் பம்ப் தன் நோயைத் தானே சொல்லும். அதன் உடலில், அச்சுக்குக் கீழே, ஒரு சிறு துளை வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். உள்ளே நீரை அடைக்கும் சீல் தேய்ந்ததும், பேரிங்கைக் கெடுக்காமல் நீர் வெளியேற வைத்த கசிவுத் துளை அது. அதற்குக் கீழே கோடு விழுந்திருந்தால் பம்ப் மாற்ற வேண்டும். அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்த புத்திசாலித்தனத்தையும் சில வண்டிகளில் பார்க்கலாம். சில வாரத்தில் பேரிங் அலற ஆரம்பிக்கும். பெல்ட்டைத் தளர்த்திவிட்டுப் புல்லியை ஆட்டினால் ஆடக் கூடாது. டைமிங் பெல்ட்டே பம்பைச் சுற்றும் எஞ்சினில் பம்ப் உறைக்குள் மறைந்திருக்கும். உறையின் அடியில் வரும் ஈரம் மட்டுமே அறிகுறி.

எல்லாரும் தவறவிடுவது கோர் பிளக். பிளாக்கை வார்க்கும்போது மணலை எடுக்க விட்ட வட்டத் துளைகளை மூடும் மெல்லிய எஃகு மூடிகள் இவை. வெறும் தண்ணீரில் ஓடிய வண்டியில் உள்ளிருந்து துருத் தின்று, ஒருநாள் ஊசித்துளை விழும். ஒன்றிரண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு, அதாவது எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்த்தொகுதிக்கு, பின்னால் இருக்கும். அங்கே கசிந்தால் சொட்டு விழாது. ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) நிற்கும்போது இனிப்பு வாசமும் மெல்லிய ஆவியும் மட்டும் வரும்.

எப்போது ஒழுகுகிறது என்பதும் ஒரு சாட்சி. குளிர்ந்த காலையில் மட்டும் சொட்டி, சூடானதும் நின்றால் கிளிப்பும் ரப்பரும் சுருங்கிய கசிவு. சூடாகி அழுத்தம் ஏறியபின் மட்டும் என்றால் தொட்டி வெடிப்பு, மூடி, பம்ப் சீல். மலை ஏறும்போது மட்டும் என்றால் மூடி, ஹெட் கேஸ்கெட் (இதைப் பற்றிக் கீழே வரும்) இரண்டையும் சந்தேகியுங்கள்.

அழுத்திப் பார்த்தால் தெரியும்

பஞ்சர் ஒட்டுபவர் டியூபில் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்குகிறார் அல்லவா? இங்கே தண்ணீர் உள்ளே இருக்கிறது, காற்றை நாம் அடிக்கிறோம். பிரஷர் டெஸ்டர் என்பது மீட்டர் பொருத்திய கைப்பம்ப். மூடி இருக்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், நீர் நிறைந்திருக்க வேண்டும். மூடியில் எழுதிய எண் வரைக்கும் அடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 15 நிமிடம் முள் அசையாமல் நின்றால் வெளியில் ஒழுக்கு இல்லை. முள் இறங்கினால், சூடும் ஆவியும் விசிறியும் இல்லாத அமைதியில் நிதானமாக ஈரத்தைத் தேடலாம். மூடியையும் அதற்கான இணைப்பு வைத்து இதே பம்பில் சோதிக்கலாம். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, நல்ல பட்டறை எதிலும் இருக்கும். "முதலில் பிரஷர் போட்டுப் பாருங்கள்" என்று நீங்கள் கேட்டாலே போதும்.

சுருக்கமாக: மூடி, படிவு, நேரம், அழுத்தச் சோதனை. இந்த வரிசையில் போனால் வெளி ஒழுக்குகளில் பெரும்பாலானவை பிடிபடும்.

முள் இறங்குகிறது, ஈரம் எங்கும் இல்லை

முதலில் கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட்டைத் தூக்கித் தடவுங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாசமும் இருந்து, ஹீட்டரைப் போட்டதும் கண்ணாடியில் எண்ணெய் மாதிரி மூட்டம் படிந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. இது ஹீட்டருக்கு வெப்பம் தரும் குட்டி ரேடியேட்டர்.

கார்ப்பெட் காய்ந்திருந்தால் மீதி இருப்பது ஹெட் கேஸ்கெட். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தகடு இது. எரியும் வாயு, ஆயில், நீர் மூன்றும் ஒன்றை ஒன்று தொடாமல் இந்த ஒற்றைத் தகடு பிரித்து வைக்கிறது. எங்கே கிழிந்தது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். வாயு நீருக்குள் புகுந்தால், காலையில் ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்தில், நீர் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகும். நீர் சிலிண்டருக்குள் புகுந்தால் எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை வரும், ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருக்கும். நீர் ஆயிலில் கலந்தால் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கோலில்) பால் காப்பி நிறம்.

இவற்றில் தவறான எச்சரிக்கைகளும் உண்டு. குளிர்காலக் காலையில் எல்லா வண்டியும் வெள்ளைப் புகை விடும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியின் ஆயில் மூடிக்கடியில் ஈரப்பதத்தால் கொஞ்சம் வெண்ணெய் படியும். அதைப் பார்த்த உடனே ஹெட்டைக் கழற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு சோதனைகள் கேளுங்கள். ஒன்று, ரேடியேட்டர் கழுத்தில் நீலத் திரவக் குழாயை வைத்து உள்ளிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுப்பது. எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாக மாறும். இன்னொன்று, இரவு முழுக்க அழுத்தம் ஏற்றி வைத்து, காலையில் எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து எஞ்சினைச் சுழற்றுவது. ஒழுகும் சிலிண்டரின் துளையிலிருந்து நீர் பீய்ச்சும்.

கேஸ்கெட் மாற்றுவது உறுதியானால், ஹெட்டின் முகத்தை நேர்க்கோல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சூடேறிய அலுமினிய ஹெட் வளைந்திருக்கும், பொதுவாக 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான் அனுமதி, உங்கள் எஞ்சினின் எண் கையேட்டில் இருக்கும். வளைந்த ஹெட்டில் புதுத் தகடு வைத்தால் சில மாதத்தில் அதே கதை.

மஞ்சள் தூளும் மற்ற வைத்தியங்களும்

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டுவது நம் ஆட்களின் பழைய வைத்தியம். ஊசித்துளையை ஒரு நாளைக்கு அடைக்கும், வீடு வந்து சேரலாம். கடையில் புட்டியில் விற்கும் அடைப்பு மருந்தும் அதே தத்துவம்தான். எது ஓட்டை, எது குழாய் என்று அதற்குத் தெரியாது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழல்களையும் சேர்த்தே அடைக்கும். வழியில் மாட்டிக்கொண்டால் போடுங்கள், ஆனால் வீட்டுக்கு வந்ததும் முழுவதையும் கழுவ வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னொன்று. ஒழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும்; இந்தக் குடிப்பழக்கம் உண்மையானது.

ஜோகன்னஸ்பர்க் போகும் என்-3 நெடுஞ்சாலையில்

வெப்ப முள்ளை மட்டும் நம்பாதீர்கள். அதன் சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் முள் நடுவிலேயே நிற்கும், ஏன், இறங்கக்கூடச் செய்யும். ஹீட்டரைத் திருப்பிப் பாருங்கள்: முள் எங்கே நின்றாலும் சரி, ஓடிச் சூடான எஞ்சினில் ஹீட்டர் குளிர்காற்று விடுகிறது என்றால் உள்ளே நீர் இல்லை. உடனே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கும். ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுப் பிறகு ஊற்றலாம்.

எந்தப் பழுதைச் சரிசெய்தாலும் நிரப்பும்போது காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஐட்லிங்கில் ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சேர்ந்த கலவையை ஊற்றிக்கொண்டே வர வேண்டும். பிறகு தொட்டியில் அளவுக்கு நேராக ஒரு டேப் ஒட்டுங்கள். முதல் இரண்டு காலைகளில் கொஞ்சம் இறங்கினால் அது மிச்சக் காற்று வெளியேறியது. மூன்றாம் நாளும் இறங்கினால் டெஸ்டரை மறுபடி மாட்டுங்கள்.